ஒரு தோட்டாவுக்குச் சொன்ன காரணம்

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை சோற்றுத் தட்டுக்கு முன்னால் நீங்கள் மூன்று பேரும் போட்ட சண்டையை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பத்திரிகையில் வந்த சேதி அது. பொதுமக்கள் துப்பாக்கி வைத்திருக்கும் சட்டத்தை இன்னும் இறுக்கப் போகிறார்களாம். போலீஸ்காரர்களுக்கு மட்டும் விலக்காம், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போதும் இடுப்பில் வைத்துக்கொள்ளலாமாம். மூத்தவன் அது நியாயம்தான் என்றான். நடுவுள்ளவள், போலீஸ்காரரும் மனுசர்தானே, அவருக்கு மட்டும் கோபமும் ஆசையும் வராதா என்று கேட்டாள். சின்னவன் இரண்டு பக்கமும் பேசினான். பிறகு, "நீங்க என்னப்பா சொல்றீங்க?" என்று என் பக்கம் திரும்பினீர்கள். மீன் ஆறுகிறது, சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

உங்கள் அம்மா அங்கே உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் என்னால் பதில் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

கோலாலம்பூரில் இந்தப் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு நாம் வருவதற்கு முன்னால், கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் போகும் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு ஒரு தாய்மாமா இருந்தார் என்பதும் தெரியும். அம்மாவின் ஒரே தம்பி. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில்பாதை போடப் போய்த் திரும்பவில்லை என்று மட்டும் சொல்லி வளர்த்தோம். அது பொய் இல்லை. உங்களில் மூத்தவனுக்கு அவன் மடியில்தான் காது குத்தியது. மற்ற இருவருக்கும் காது குத்த மடி தேடிப் பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. அவன் எப்படிப் போனான் என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

ஜப்பான்காரன் வந்த உடனே போட்ட உத்தரவுகளில் ஒன்று, துப்பாக்கி வைத்திருக்கிற எல்லாரும் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், மறைத்தால் தலை போகும் என்பது. எங்கள் தோட்டத்தில் இருந்தது ஒரே துப்பாக்கி, வெள்ளைக்காரத் துரையுடைய ரெட்டைக்குழல். துரை ஓடிப்போன பிறகு அது ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணியின் அலமாரியில் இருந்தது. கிராணி அதை ஒரு கோணிச் சாக்கில் சுற்றி, கொண்டுபோய்க் கிள்ளான் போலீஸ் டேசனில் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்றைக்குப் பூசாரி, கோயில் வேட்டுக்குழாயையும் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். அது ஒரு முழ நீளத்துக்குக் கனமான இரும்புக் குழாய், ஒரு பக்கம் அடைத்தது. மாரியம்மன் திருவிழாவில் சாமி வெளியே வரும்போது அதைத் தரையில் ஊன்றி, மருந்து இடித்துத் திரி வைத்தால் பெரிதாக ஒரு சத்தம் கேட்கும். அவ்வளவுதான். அதற்குள் குண்டும் இல்லை, பிடியும் இல்லை. அது சாமி சாமான், அதைப் போய் யார் கேட்கப் போகிறார்கள் என்று பேசிக்கொண்டோம். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் அது என்னவென்று தெரியாது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த உத்தரவில் விலக்கு இருந்தது ஒரே கூட்டத்துக்கு, போலீஸுக்கு. வெள்ளைக்காரன் காலத்தில் இருந்த அதே ஆட்கள்தான். தொப்பியில் இருந்த சின்னம் மாறியது, தோளில் இருந்த துப்பாக்கி மாறவில்லை.

பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தாலும் வாங்க ஆள் இல்லாத காலம் அது. அரிசி கிடையாது. எங்கள் வீடுகள் வரிசையாக நின்ற லயத்துக்குப் பின்னால் இருந்த சரிவில் எல்லாரும் மரவள்ளி நட்டோம். காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி, ராத்திரிக்கு அதன் இலை. மூத்தவனுக்கு அப்போது இரண்டு வயது. பால் இல்லாமல் அவனையும் கிழங்குக் கஞ்சி கொடுத்தே வளர்த்தோம். அந்தக் கிழங்கைத்தான் காட்டுப்பன்றிகள் தோண்டித் தின்றன. முன்பெல்லாம் துரை மாதத்துக்கு இரண்டு மூன்று சுட்டுவிடுவார். துப்பாக்கி போய்விட்டது என்று பன்றிகளுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை, பொழுது சாயும்போதே வர ஆரம்பித்துவிட்டன. தகரம் தட்டினோம், தீ மூட்டினோம், கத்தினோம். அவை எங்களை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை.

நான்தான் போய் அழைத்து வந்தேன். இதை முதலில் எழுதிவிடுகிறேன். கிள்ளான் டேசனில் இருந்த ஒரு போலீஸ்காரன் பக்கத்துத் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோரின் மகன். உங்கள் மாமாவோடு சேர்ந்து சடுகுடு ஆடியவன். என்னை அண்ணே என்று கூப்பிடுவான். சைக்கிளில் போய் அவனைப் பார்த்து, நீ ஒரு தடவை வந்து சுட்டுக் கொடுத்தால் எங்கள் கிழங்கு தப்பும் என்றேன். ஒரு தோட்டா குறைந்தாலும் மேலே காரணம் சொல்ல வேண்டும், காலையில் எண்ணிக் கொடுத்ததை மாலையில் எண்ணி வாங்குவார்கள் என்று சொன்னான். அப்படியானால் என்ன சொல்வாய் என்று கேட்டேன்.

"காரணத்துக்கா பஞ்சம், அண்ணே? துப்பாக்கி எங்கிட்ட இருக்கு. நான் சொல்றதுதான் காரணம்."

நானும் சிரித்தேன். நல்ல கெட்டிக்காரப் பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் தடவை வந்து ஒரு பெரிய ஆண்பன்றியைச் சுட்டான். முக்கால்வாசியை அவன் எடுத்துக்கொண்டான். முன்னங்கால் ஒன்றை எனக்குக் கொடுத்தான். எத்தனையோ மாதம் கழித்து நம் வீட்டில் இறைச்சி வாசம். உங்கள் அம்மா மிளகாய் இல்லாமல் உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்தாள். மாமாவும்தான் தின்றான்.

இரண்டாம் தடவைக்குக் கோழி கேட்டான். அதற்குப் பிறகு, கோழியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான். நாளாக ஆக, பன்றி இல்லாத நாளிலும் வந்தான். குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களைக் குறிபார்ப்பதுபோல் விளையாட்டுக் காட்டினான். அவர்கள் சிரித்துவைத்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வது? அவனைத் தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த கிழவர்கள், ஐயா என்று கூப்பிடத் தொடங்கியது எந்த வாரத்தில் என்று யாருக்கும் நினைவில்லை.

சுட்ட பன்றிகளை அவன் தின்றது கொஞ்சம். மீதியைக் கிள்ளானில் ஒரு சீனன் கடைக்குப் போட்டான். கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோட்டத்துக் கடைசிக் கால்வாய் ஓரத்தில் ஒரு பெண்பன்றியைச் சுட்டு, என்னைக் கூப்பிட்டு, சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டிவிட்டான். சாக்குப் போட்டு மூடிக்கொண்டு ஏழெட்டு மைல் மிதித்தேன். எனக்குக் கூலியாக ஈரல் கொடுத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவன் அதிகம் பேசமாட்டான், ஆனால் வாயில் விஷம் உண்டு. "பன்னிக்குக் கெழங்கு குடுத்தோம். இப்ப பன்னிய சுடறவனுக்குக் கோழி குடுக்கிறோம். எந்தப் பன்னி மேலு மச்சான்?" என்று என்னிடம் கேட்டான். நான் சத்தம் போடாதே என்றேன்.

திருவிழாவில் வேட்டுப் போடுவது அவன் வேலை. அந்த வருடம் திருவிழா இல்லை. பழைய மருந்து கொஞ்சம் ஒரு டின்னில் மிச்சம் இருந்தது. பூசாரியிடம் கேட்டுக் குழாயை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் மரவள்ளிக் கொல்லை ஓரத்தில் ஊன்றி ஒரு வேட்டுப் போட்டான். பன்றிகள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து லயமே சிரித்தது. மூன்று நாளுக்கு ஒரு தடவை போட்டான். பிறகு பன்றி வரவே இல்லை. போலீஸ்காரன் வந்து பார்த்தான். கோழியும் இல்லை, பன்றியும் இல்லை. குழாயைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் பட்டப்பகலில் இன்னும் இரண்டு பேரோடு வந்தான். மாமாவின் கையைப் பின்னால் கட்டினார்கள். குழாயைச் சாக்கில் போட்டுக்கொண்டார்கள். உங்கள் அம்மா அந்தப் போலீஸ்காரனின் சட்டையைப் பிடித்து இழுத்து, நீ நம்ம வீட்டுப் பிள்ளைதானேடா என்று அழுதாள். "மேலிடத்து உத்தரவு, அக்கா" என்றான். அக்கா என்றுதான் சொன்னான்.

மாமாவுக்கு மலாய் தெரியாது. எனக்குத் தெரியும், கல்யாணத்துக்கு முன்னால் மலாய்க்காரர்களோடு ரோட்டு வேலையில் கல் உடைத்திருக்கிறேன். அதனால் விசாரணைக்கு என்னையும் வரச் சொன்னார்கள். நான் போனால் காப்பாற்றிவிடலாம் என்று அம்மா நம்பினாள். நானும் நம்பினேன்.

அறையில் ஒரு ஜப்பான் அதிகாரி உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு மலாய் இன்ஸ்பெக்டர், கொஞ்சம் வயதானவர், முகத்தில் கொடுமை இல்லை. அவர் மலாயில் கேட்க, நான் மாமாவிடம் தமிழில் கேட்க, பதிலை நான் மலாயில் சொல்ல, அதை அவர் தனக்குத் தெரிந்த ஜப்பான் பாஷையில் அதிகாரிக்குச் சொல்வார். மேசைமேல் குழாய், கரி படிந்த வாயோடு. நம் போலீஸ்காரன் என் முதுகுக்குப் பின்னால் துப்பாக்கியோடு நின்றான்.

அவன் கொடுத்த புகார் இதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரோந்து வரும்போது இந்த ஆள் மறைத்துவைத்த துப்பாக்கியால் அவனைச் சுட்டானாம். பதிலுக்கு அவனும் ஒரு தோட்டா சுட்டானாம். அதனால்தான் அன்றைக்கு ஒரு தோட்டா குறைந்ததாம்.

கேட்டவுடனே எனக்கு விளங்கிவிட்டது. அந்தத் தோட்டாவைக் காலையிலேயே என் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு நான் கிள்ளானுக்குப் போயிருக்கிறேன். பன்றியின் விலாவில் இருந்தது அது.

இதை வைத்து இவன் என்ன செய்தான் என்று இன்ஸ்பெக்டர் குழாயைக் காட்டிக் கேட்டார். நான் மாமாவிடம் கேட்டேன்.

"பன்னிய வெரட்ட வேட்டுப் போட்டேன்னு சொல்லு மச்சான். திருவிழாவுல போடற வேட்டுதான்னு சொல்லு."

வேட்டு. அந்த வார்த்தைக்கு மலாயில் என்ன சொல்வது? கல்லுக்குத் தெரியும், மண்ணுக்குத் தெரியும், மண்வெட்டிக்குத் தெரியும். ரோட்டு வேலையில் யாரும் வேட்டுப் போட்டதில்லை. தமிழில் துப்பாக்கி வெடித்தாலும் வேட்டுச் சத்தம் என்கிறோம், கோயிலில் வெடித்தாலும் வேட்டு என்கிறோம். எனக்குத் தெரிந்த ஒரே மலாய் வார்த்தை தெம்பாக். "டியா தெம்பாக், டுவான்" என்றேன். அதாவது, இவன் சுட்டான் ஐயா என்று சொல்லிவிட்டேன்.

சொன்னவுடனே தவறு என்று தெரிந்தது. அவசரமாகக் கோயிலில், கோயிலில் என்று சேர்த்தேன். கோயிலுக்குள் சுட்டானா என்று இன்ஸ்பெக்டர் புருவத்தைத் தூக்கினார். இல்லை, மிருகத்தை விரட்ட என்றேன். பன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. முஸ்லிமான மலாய்க்காரர் முன்னால் அந்த வார்த்தையைச் சொன்னால் கோபித்துக்கொள்வாரோ என்று ஒரு பயம். அதிகாரி ஏதோ கேட்டான். இன்ஸ்பெக்டர் வார்த்தை கிடைக்காமல் சுட்டுவிரலை வளைத்து, விசையை இழுப்பதுபோல் காட்டினார். அதிகாரி தலையாட்டினான்.

இதுவரைக்கும் நடந்தது பிழை. படிக்காதவன் செய்த பிழை. இதற்காக நான் அழுதிருக்கிறேன், ஆனால் இதற்காக மட்டும் என்றால் இந்தக் காகிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

இன்ஸ்பெக்டருக்கு முழுத் திருப்தி இல்லை. குழாயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடி எங்கே, விசை எங்கே என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். பிறகு என்னைப் பார்த்து நிதானமாகக் கேட்டார். நீ அதே லயத்தில் இருப்பவன். இந்தப் போலீஸ்காரன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுட்டதாகச் சொல்கிறான். உனக்கு அந்தத் தோட்டாவைப் பற்றி ஏதாவது தெரியுமா?

அந்த மனுசர் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எனக்குப் பின்னால் பூட்ஸ் ஒரு தடவை தரையில் தேய்ந்தது. அவ்வளவுதான். அவன் துப்பாக்கியை நீட்டவில்லை, என்னைத் தொடவில்லை. பன்றியைச் சுமந்தவன் நான், ஈரல் தின்றவன் நான், என்னையும் சேர்த்துக் கட்டுவார்கள் என்று நினைத்தேன். வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை என்று நினைத்தேன். அதையெல்லாம் வரிசையாக நினைத்தேனா, பிறகு சேர்த்துக்கொண்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

"தாக் தாவு, டுவான்" என்றேன்.

தெரியாது ஐயா. மாமாவுக்கு மலாய் தெரியாது என்றேன் அல்லவா, ஆனால் இந்த இரண்டு சொல் தெரியாத தமிழன் இந்த நாட்டில் இல்லை. அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"என்ன மச்சான் கேட்டாரு?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அதற்கு மேல் அவன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, எப்போதுமே.

தலையை எடுக்கவில்லை. அதை ஒரு கருணை மாதிரி அறிவித்தார்கள். அடுத்த கூட்டத்தோடு சயாமுக்கு அனுப்பினார்கள். கோலாலம்பூர் ஸ்டேஷனில் சாமான் ஏற்றும் பெட்டியில் ஆட்களை நெருக்கி நிற்கவைத்திருந்தார்கள். அம்மா அவித்த கிழங்கைத் துணியில் கட்டி நீட்டினாள். அவன் அக்காளிடம் வாங்கிக்கொண்டான், அக்காளிடம் பேசினான், பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினான். நான் பக்கத்தில்தான் நின்றேன். சண்டை முடிந்து திரும்பி வந்தவர்களில் ஒருவர், காலரா வந்த ஒரு முகாமில் அவனைப் பார்த்ததாகச் சொன்னார். அதோடு சரி.

அவன் போன பிறகு வந்த நோன்புப் பெருநாளுக்கு முந்திய ஒரு மாலை, மலாய்க்காரர்கள் இருக்கும் கம்பத்துப் பக்கம் கிழங்கு மாற்றிக்கொண்டு வரப் போயிருந்தேன். டமார் என்று ஒரு சத்தம். அப்படியே நின்றுவிட்டேன். மலாய்ப் பிள்ளைகள் ஒரு பெரிய மூங்கிலைச் சாய்த்துவைத்து வெடித்துக்கொண்டிருந்தார்கள். இது என்ன என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். மெரியாம் பூலோ, பெருநாளுக்குப் பிள்ளைகள் விடுவது, உனக்குத் தெரியாதா என்றார். மூங்கில் பீரங்கி. அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். அந்த இன்ஸ்பெக்டரும் சின்ன வயதில் அதை விட்டிருப்பார்.

ரொம்ப நாள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே காலம் தள்ளினேன். சொல் தெரியாததால் போய்விட்டான் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் இன்றுவரை அப்படித்தான் நம்புகிறாள். பாவம் உங்க அப்பாவுக்கு வார்த்தை தெரியல என்று உங்களிடமே சொல்லியிருப்பாள்.

நீங்கள் கேட்டதற்கு என் பதிலைச் சொல்கிறேன். போலீஸ்காரனிடம் துப்பாக்கி இருக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பன்றி வரும், திருடன் வருவான், யாராவது ஒருவரிடம் இருக்கத்தான் வேண்டும். எல்லார் கையிலும் இருந்திருந்தால் எங்கள் லயத்தில் பாதிப் பேர் மற்றப் பாதியைச் சுட்டிருப்பார்கள். அந்தப் பஞ்சத்தில் ஒரு கிழங்குக்கு மண்டை உடைந்ததைப் பார்த்தவன் நான். ஆனால் ஊருக்கெல்லாம் இல்லாத ஒன்றை ஒருவனுக்குக் கொடுத்தால், அவன் சொல்கிற காரணத்தை எதிரே நின்று இல்லை என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். சட்டம் எழுதுகிறவர்கள் அந்த ஆளுக்கு எந்த விலக்கும் எழுதுவதில்லை. அன்றைக்கு அந்த ஆள் நான். பன்றிகள் கிழங்கைத் தின்றபோது அவனைத் தேடிப் போனவனும் நான்தான். மூத்தவனே, நீ நியாயம் என்று சொன்னபோது என் காதில் உன் குரல் கேட்கவில்லை, என் குரல் கேட்டது.

வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். மறுபடியும் துப்பாக்கியை எல்லாரும் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு, மறுபடியும் போலீஸுக்கு விலக்கு. சயாம் போய்த் திரும்பாதவர்களின் பேரைப் பதிய வேண்டும் என்று தோட்டத்தில் சொன்னார்கள். நான் கிள்ளான் டேசனுக்குப் போனேன். மேசையில் உட்கார்ந்திருந்தது அதே போலீஸ்காரன்தான். தொப்பியில் பழைய சின்னம் திரும்பியிருந்தது.

"வாங்கண்ணே, உக்காருங்க. அக்கா சௌக்கியமா? உங்க மச்சான் சேதி ஏதாச்சும் வந்துச்சா?"

இல்லை என்றேன். சயாம் ரொம்ப தூரமில்லையா என்று வருத்தமாகத்தான் சொன்னான். கோப்பி வரவழைத்தான். குடித்தேன். பெயர், வயது, தோட்டம் எல்லாம் கேட்டு எழுதினான். எப்படிப் போனார் என்ற இடத்தில் மட்டும் என்னைக் கேட்கவில்லை. அவனாகவே, வேலைக்கு என்று எழுதினான். காகிதத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினான். கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வரும் வழியில், தோட்டத்து எல்லைக்குள் வந்த பிறகு, சைக்கிளை ஒரு பால்மரத்தில் சாய்த்துவைத்தேன். உச்சிவெயில். வெட்டு முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். அந்த இன்ஸ்பெக்டர் முன்னால் நின்ற மாதிரியே கையைத் தொங்கவிட்டு நேராக நின்றேன். ஐயா, அந்தத் தோட்டா காலையில் பன்றிக்குப் போனது, அந்தப் பன்றியைச் சுமந்தவன் நான் என்று மலாயில் வாய்விட்டுச் சொன்னேன். பன்றிக்கு உண்டான பாபி என்ற வார்த்தையை விடாமல் சொன்னேன். இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.